ஒன் பை டூ மாமாவும் மாத்திரை டப்பாவும்

சென்னைப் பட்டணத்திலேயே எந்தக் காரியத்தையும் முழுசாக முடிக்காத ஒரே மனிதர் எங்கள் ஒன் பை டூ மாமாதான். இதில் எனக்கு யாரோடும் விவாதம் செய்ய விருப்பமில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரே வாசலுக்குள் நாலைந்து போர்ஷன் உள்ள வீட்டில் குடியிருந்தோம். எதிர் போர்ஷனில் மாமா. தனிக்கட்டை. ஓட்டலுக்குத் தனியாகப் போய் ஒன் பை டூ காபி சொல்லிவிட்டு, மறு பாதியைக் குடிக்க ஆள் தேடுவார். முன்பின் தெரியாதவர்கள் பயந்துபோய் மேஜை மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் வெளியே வந்து, காத்திருக்கும் நண்பரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார். அப்புறம் இவர் முதல் பாதிக் கதையைச் சொல்ல, அவர் மறு பாதியைச் சொல்வார். வில்லன் யார் என்பதில் மட்டும் சண்டை வரும்.

இதுவரை சிரிக்கலாம். மருந்து விஷயத்திலும் மனுஷர் அப்படியே இருந்ததுதான் வயிற்றெரிச்சல். பல் வீங்கி டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், வீக்கம் வடிந்த அன்றே நிறுத்திவிடுவார்.

"வலி போயாச்சோன்னோ? போனவனை எதுக்குத் துரத்திண்டு போய் அடிக்கணும்?"

மிச்ச மாத்திரையெல்லாம் காபிப்பொடி டப்பாவுக்குள் போகும். வீட்டில் யார் தும்மினாலும் டப்பா திறக்கும். பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன் பை டூ.

என் மகள் நித்யாவுக்கு அப்போது நாலு வயது. பள்ளி விட்டு வந்தால், நான் வேலையிலிருந்து திரும்பும்வரை மாமாவிடம்தான் இருப்பாள். ஒருநாள் அவளுக்கு மூக்கு ஒழுகியது. நான் நந்தனம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"கேப்ஸ்யூலைப் பிரிச்சு, பாதியைத் தேன்ல குழைச்சுக் குடுத்தேம்மா. பாதிதான்" என்றார் மாமா.

ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். "இன்னாம்மா, கொயந்த மூஞ்சி இப்டி வீங்கிகீது!" என்று டிரைவர் சிக்னலையெல்லாம் மறந்து ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குழந்தையின் மூச்சு சீரான பிறகுதான் டாக்டரம்மா பேசினார். "சளிக்கு யாரு ஆன்டிபயாடிக் குடுக்கச் சொன்னது? வைரஸ் சளி தானா போகும், இந்த மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு. பெரியவங்களுக்குக் குடுக்கறதுல பாதின்னு ஒரு கணக்கே கிடையாது. இது இவளுக்கு ஒத்துக்கலைன்னு இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல சொல்லிடுங்க." அது மாமா மிச்சம் வைத்த மாத்திரை என்று தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களா நடுவுல நிறுத்தினா, சாகாத கிருமி திரும்பி வரும். அப்ப இதே மருந்து கேக்காமப் போயிடும்."

வெளியே வந்ததும் நடுத்தெருவில் கத்தினேன். "உங்க காபியைப் பாதியாக்குங்க, சினிமாவைப் பாதியாக்குங்க. என் பொண்ணு உசுரோட விளையாட நீங்க யாரு? இனிமே அவளுக்கு ஒரு வாய் தண்ணிகூட நீங்க குடுக்கக் கூடாது!" பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அதற்கப்புறம் அவரோடு நான் பேசவில்லை. கொஞ்ச நாளில் அவருக்குப் பல் மறுபடி வீங்கியது. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கன்னம் வடிந்த பிறகும், தினமும் தன் வாசலில் டம்ளரோடு நின்று, என் கண்ணில் படுகிற மாதிரி மாத்திரையை விழுங்கினார். முடிந்த அன்று காலி அட்டையைத் தூக்கிக் காட்டினார். அவர் ஆயுளில் முழுசாக முடித்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் டப்பாவும் கையுமாக வந்து நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. திறந்தால் உள்ளே கல்கண்டு.

"புது டப்பாம்மா. பழசை மாத்திரையோட ஒழிச்சுட்டேன்" என்று என்னிடம்தான் நீட்டினார், குழந்தையிடம் நீட்டவில்லை.

நித்யா ஓடிவந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். மீதிப் பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கிக்குங்க மாமா" என்றேன்.