உங்கள் தங்கையின் பல்லும் என் ரத்தமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை சுகம். நான் சுகமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பத்து ஏழு வயதில் உங்கள் தங்கை பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறாள். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. "இந்த வயசுல எதுக்கு?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். ஆல்பங்களை எடுத்து மேஜைமேல் போட்டாள். "ஒரு போட்டோவுலயாவது நான் வாயைத் திறந்து சிரிச்சிருக்கேனான்னு பாருங்க" என்றாள். நான்கு ஆல்பம் புரட்டினேன் மச்சான், ஒன்றில்கூட இல்லை. கண்டிப்பானவள், சுபாவமே அப்படி என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

கம்பி வரை எனக்குப் புரிந்தது. லிப்ட் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். கம்பியை இழுத்தால் பெட்டி நகரும். ஆனால் இரண்டு வருஷம் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னதும் இவள், "லைப்ரரி வேலையில இருந்து ரிடையர் ஆக ஒரு வருஷம்தான் இருக்கு, அதுக்குள்ள முடியாதா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு அவர், இவள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெஷினில் போட்டுச் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை ஈறில் ஊசியாகப் போட்டால் பல் சீக்கிரம் நகரலாம் என்றார். "நகருமா, நகரலாமா?" என்றேன். "சிலருக்கு வேகமா நகருது. சிலருக்குப் பெரிசா வித்தியாசம் தெரியல. உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார். லிப்ட் மெதுவாகப் போனால் எண்ணெய் மாற்றுவோம். அதே எண்ணெயை எடுத்துச் சுற்றி அதிலேயே திருப்பி ஊற்றுவதை நான் கேள்விப்பட்டதில்லை. "ரத்தம் உன்னோடது, ஈறும் உன்னோடது. ஏற்கெனவே அது அங்கதானே ஓடுது?" என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை ஊசி. அவள் கவுண்டரில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார இடம் தேடிய எனக்கு உள்ளே ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்தது, உட்கார்ந்தேன். நர்ஸ் வந்து, "ரத்தம் எடுக்கத்தானே?" என்றாள். மெலிந்த உடம்புக்காரியிடம் எடுப்பானேன், கணவன் கொடுத்தால் ஆகாதா என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டேன். இரண்டு குழாய் எடுத்தாள். மெஷின் மிக்ஸி மாதிரி ஓடி நின்றது. "சார், உங்களுக்கு அழகாப் பிரிஞ்சிருக்கு" என்றாள். என்னை யாரும் பாராட்டி ரொம்ப நாளாச்சு மச்சான், அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா ஊசியோடு வந்து, "பெரிசா திறங்க" என்றார். திறந்தேன். குனிந்து பார்த்தவர், "கம்பி எங்க?" என்றார். "கம்பி அவளுக்கு. எனக்கு மேல முழுக்க பல்செட்" என்று கழற்றிக் காட்டினேன். நர்ஸ் முகம் வெளுத்துவிட்டது. கணவனுடையதானாலும் போடக் கூடாதாம், அவரவருக்கு அவரவர் ரத்தம்தானாம். என்னுடையதைக் கொட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை வாசலில் வந்து நின்றாள், பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல்லும் கம்பியும் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் இன்னும் நகரவே இல்லை மச்சான். அப்புறம் ஊசி எதற்கு என்று கேட்கலாமா, கூடாதா, அதுதான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு முறையாக அவளிடமே எடுத்துப் போட்டார்கள். ஈறு வீங்கி இரண்டு நாள் சூப்தான். இன்னும் இரண்டு தடவை உண்டாம். வலியை அவள் வெளியே சொல்ல மாட்டாள். ஆகவே மூத்தவராக நீங்கள் போன் செய்து, "பல்லு மெதுவாவே நகரட்டும்மா, ஊசி வேண்டாம்" என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

வீட்டில் சகோதரிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லோருடைய பல்லும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். பல்செட்டுக்குப் பதில் எனக்கு நிஜமாகவே பல் ஊன்றலாமாம். தாடை எலும்பு தேற, என் ரத்தத்தையே எடுத்துச் சுற்றி உள்ளே வைப்பார்களாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள், எனக்கே விளங்கவில்லை. ஆகவே அவளை எதற்கும் தடுக்க வேண்டாம். போன் மட்டும் கட்டாயம் செய்து, நானும் ஊசிக்குப் போகிற விஷயத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.