காது வலிக்காரர்களைப் பிணவறைக்கு அனுப்பியது பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உதவாக்கரைத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் விசாரிக்காதே. அங்கே உன் முழங்கால் வலி, ரத்த அழுத்தம், சமையலறைக் குழாய்க் கசிவு மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. உன் வீட்டிலிருந்து நான் கிளம்பி வந்த நாளிலிருந்து நாற்பத்து மூன்று தடவை உனக்குப் போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மணி முழுசாக அடித்து, களைத்து, ஓய்ந்துபோகிறது. நீ எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்த காரணத்தால்தான் நேரில் வரவும் கால் வரவில்லை.

உன் மாடி வீட்டுக் கம்பவுண்டர் தன் தங்கை வீட்டு வேலையாக இந்த ஊருக்கு வந்தவர், இப்போது எங்கள் முன்னறையில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் வராததுமாக அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், உங்க அக்கா யார்கிட்டயும் பேசுறதில்ல. அன்னிக்கு மாடிப்படில நின்னு, 'என் தம்பி என்னைச் சுத்தமா தொடச்சுப் போட்டுட்டான்'னாங்க. சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க." துடைத்துப் போட்டேன் என்றால் எதை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆகவே ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, கொஞ்சம் சிரிப்பும் இருக்கிறது. பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான்.

ஆஸ்பத்திரி வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்கு வாங்கித் தந்ததே மாமாதான். "என் மச்சினன் ரொம்பக் கெட்டிக்காரன், உக்காந்த இடத்துலேர்ந்தே எல்லாத்தையும் பாத்துக்குவான்" என்று நிர்வாகியிடம் வாய் கூசாமல் சொன்னார். பாதி நிஜம்தான், உட்காருவதில் எனக்கு இணையில்லை. அந்த வேலையில் நான் முதலில் செய்தது மாமாவின் பக்கம். காது மூக்கு தொண்டை நிபுணர் என்று போட்டு, கீழே ஒரு படம். காமிரா என்றாலே கையால் முகத்தை மூடிக்கொள்கிற மனுஷன். "மாமா, உங்க காதுல முடி வளந்திருக்கு, அதையும் சேத்து எடுக்கவா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அந்த நொடியில் அமுக்கினேன். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்த அந்தப் படம் ஒன்றில்தான் மாமா பல் தெரியச் சிரிக்கிறார். மூலப்படம் எங்கே என்று கேட்காதே, கெட்டிக்காரன் தொலைத்துவிட்டான்.

மாமா போன அன்றைக்கு உன் போனும் அவர் போனும் மாறி மாறி அலறியது நினைவிருக்கிறதா? துக்கம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி உனக்கு மயக்கமே வந்துவிட்டது. கடைசியில் நான்தான் ஏதோ செய்து உன் போனின் வாயை அடைத்தேன். "இவன் ஒருத்தன் இருந்ததால தப்பிச்சேன்" என்றாய். ஐம்பத்திரண்டு வருஷத்தில் நீ எனக்குக் கொடுத்த ஒரே நற்சான்றிதழ் அது. பதினாறு நாள் உன்னோடு இருந்தேன். கிளம்புகிற அன்று, மாமாவின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "தினமும் காலைல இதைத் திறந்து அவர் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் பல்லே தேய்க்கிறேன். அந்தச் சிரிப்பு வேற எங்கயும் இல்லடா" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை ஊர் வந்து சேர்ந்ததும் நிர்வாகிக்கும் ஆடியது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

யாரோ வெளியாட்களைக் கொண்டு நிர்வாகி வெப்சைட்டைச் சோதனை போட்டிருக்கிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு லிங்குகள் உடைந்திருக்கின்றனவாம். அதாவது, அமுக்கினால் "நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை" என்று வருமாம். நிர்வாகி போனில் குதித்தார். "இல்லைங்கிற வார்த்தையே நம்ம ஆஸ்பத்திரில வரக் கூடாதுய்யா. ஆள் போயிட்டாரா, அந்த நாற்காலில இப்ப யாரு உக்காந்திருக்காங்களோ அவங்களுக்குத் திருப்பி விடு." நியாயமாகத்தான் பட்டது. வீடு மாறிப்போனவர் பழைய வீட்டுக் கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போகிற மாதிரிதான் இந்தத் திருப்பிவிடுகிற வேலை. அதில் இரண்டு தினுசு: நிரந்தரம், தற்காலிகம். இந்தத் தொழிலில் பேர்போன தப்பு, தற்காலிகம் என்று போட்டதைத் திரும்பப் போய் எடுக்க மறப்பது. மற்றவர்கள் மறப்பார்கள், நான் மறக்கிறவன் இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, கெடு வந்ததும் எடுத்துவிட்டு அடித்துவிடுவேன். அந்த நோட்டைப் பற்றி எனக்கு இருக்கும் கர்வத்தைப் பற்றி என் வீட்டுக்காரியைக் கேள்.

பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினேன். ஓய்வு பெற்றவர், ராஜினாமா செய்தவர், வேறு ஊர் போனவர். மாமாவும் அதில் ஒரு வரி. ஒரு வரியாகத்தான் கண்ணில் பட்டார், அக்கா. நிரந்தரம் என்று போட்டு, அவர் இடத்துக்கு வந்த புது டாக்டர் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. நீ காலையில் எழுந்து, பல் தேய்க்காமல், மாமா பெயரை அமுக்கியிருப்பாய். புருவத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் மீசையோடு ஒரு அந்நிய ஆண்பிள்ளை உன்னைப் பார்த்து, 'முன்பதிவு செய்யவும்' என்றிருப்பார். அன்றிலிருந்துதான் உனக்கு விடாமல் போன் செய்ய ஆரம்பித்தேன். நீ எடுக்கவில்லை. எப்படி எடுப்பாய்?

சரி, சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். வெப்சைட்டில் எதைத் தொட்டாலும் ஆறு இலக்க எண் ஒன்று மாமாவின் போனுக்கு வரும். எனக்கு வேலை வாங்கித் தந்தபோது பொறுப்பாளர் என்று அவர் நம்பரைத்தான் கொடுத்தார்கள். அதனால்தான் அந்தப் போனை உன்னிடம் கேட்டு வாங்கி வந்தேன். சத்தத்தை அணைத்து, சார்ஜரோடு மேஜை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். அந்த எண்ணுக்காக மட்டும் திறப்பேன். எடுக்காத அழைப்புகள் நூற்றுக்கு மேல் என்று திரையில் காட்டுகிறது. பாவம், செய்தி தெரியாத நோயாளிகள். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முதல் முயற்சியில், மீசைக்காரர் பக்கத்தை மாமாவுக்குத் திருப்பினேன். மாமாவை மீசைக்காரருக்குத் திருப்பியிருந்ததை எடுக்கவில்லை. அவர் இவரிடம் போ என்கிறார், இவர் அவரிடம் போ என்கிறார், அரசாங்க அலுவலகம் தோற்றது. இரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் காது மூக்கு தொண்டையே இல்லை. இரண்டாவது முயற்சியில் பட்டியல் முழுவதையும் புதிதாக ஏற்றினேன். ஏற்றும்போது ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. ஒரே ஒரு வரி. பிரசவத்துக்கு வந்தவர்கள் எலும்பு முறிவுக்குப் போனார்கள், கண் டாக்டரைத் தேடியவர்கள் கேன்டீனுக்குப் போனார்கள், மாமாவையும் மீசைக்காரரையும் தேடிய அத்தனை பேரும் பிணவறைக்குப் போனார்கள். 'உடலைப் பெற்றுக்கொள்ள உறவினர் ஒருவர் அடையாள அட்டையுடன் வரவும்.' ஒரு பெரியவர் வரவேற்பு மேஜைக்குப் போன் போட்டு, "ஏம்மா, எனக்கு வெறும் காது குடைச்சல்தானே, அவ்வளவு முத்திப்போச்சா?" என்று நடுங்கியிருக்கிறார். பிணவறைக் காவலாளி என்னையே கூப்பிட்டார். "சார், முப்பது வருஷமா இங்க இருக்கேன். என்கிட்ட யாரும் அப்பாயின்ட்மென்ட் கேட்டதில்ல. இன்னிக்கு மட்டும் பதினேழு பேர். ஒருத்தர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் சௌகரியம்ங்கிறார். என்ன சொல்லட்டும்?"

என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டாள். "ஊரையே வழி மாத்தி விட்டீங்க. உங்களுக்கு மட்டும் அக்கா வீட்டுக்கு வழி தெரியலையாக்கும்?" என்றாள். நோட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

நிர்வாகி என்னை வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொன்னார். நிறுத்துங்கள், ஆனால் அந்தப் பக்கம் மட்டும் இருக்கட்டும் என்றேன். "செத்தவருக்கு எதுக்குய்யா பக்கம்? யாரு போய் அவர்கிட்ட வைத்தியம் பாத்துக்கப் போறா?" என்று கேட்டார். அப்போது அதே போனில் இருந்த மீசைக்காரர் குறுக்கே வந்தார். "சார், முதல்ல என் மூஞ்சியை அங்கேர்ந்து எடுங்க. உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் என்னைப் பாத்ததும் 'ஓ'ன்னு ஒரு சத்தம் போடுறாங்க. அவரைத் தேடி வந்தவங்க அவரைப் பாத்துட்டு, அப்புறமா என்கிட்ட வரட்டும். என்ன கெட்டுப்போச்சு?" அந்த மீசையைப் பற்றி மேலே எழுதியதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அடர்த்தியான, கண்ணியமான மீசை.

ஆக, நேற்றிலிருந்து மாமாவின் பக்கம் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதே பெயர், அதே படம், அதே சாய்ந்த கண்ணாடி. முன்பதிவுப் பொத்தானை மட்டும் எடுத்துவிட்டு, 'இவர் இப்போது நம்முடன் இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுத ஒரு பகல் பொழுது ஆயிற்று. நாளைக் காலை திறந்து பார். பார்த்துவிட்டு என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் போனை எடுத்துத் திட்டவாவது செய். உன் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. திட்டாக வந்தாலும் எனக்குப் போதும்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. குழாய்க்காரனை வரச் சொல். என் வீட்டுக்காரி உன்னை மிகவும் விசாரிக்கிறாள், என்னை அதைவிட அதிகமாக விசாரிக்கிறாள். கோபம் போக உன்னிடம் ஆசி ஏதேனும் மிச்சமிருந்தால் இந்தப் பக்கம் அனுப்பு.

இப்படிக்கு,
என்றும் உன் கைக்கு அடங்காத தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதிய எதையும் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. உறையை ஒட்டும் முன் கம்பவுண்டரிடம், "டாக்டர் பக்கம் மாறினதுல அக்காவுக்கு ரொம்ப வருத்தமா?" என்று கேட்டேன். "எந்தப் பக்கம் சார்? அந்தக் கம்ப்யூட்டர் நீங்க போன மறுநாளே ரிப்பேர். துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. அவங்க வருத்தம் அது இல்ல. மூணு மாசமா ஒரு ஈ காக்கா கூட போன் பண்ணலியாம், கூடப் பொறந்தவன் உட்பட" என்றார். நானா பண்ணவில்லை என்று கொதித்துப்போய், அவர் எதிரிலேயே உனக்கு நாற்பத்து நான்காவது தடவை போட்டேன். மாமாவின் போனிலிருந்து ஆறு இலக்க எண் ஒன்றை எடுக்க இழுப்பறையை அப்போதுதான் திறந்து வைத்திருந்தேன். உள்ளே அந்தப் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. திரையில் 'அவசரமில்லை' என்று ஒரு பெயர். எந்த நோயாளிக்கு இப்படி ஒரு பெயர் என்று பார்த்தேன். நான் போனை வைத்தேன், அது அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ஒளிர்ந்தது. மாமா என்னை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார், அக்கா. நான் எப்போது கூப்பிட்டாலும் "அவசரமில்ல மாமா" என்றுதான் ஆரம்பிப்பேன்.

மாமா போன அன்றைக்கு இரண்டு போனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல், உனக்கு வருவதையெல்லாம் மாமா போனுக்குத் திருப்பிவிட்டவன் நான்தான். ஒரே ஒரு நாளைக்கு என்று. நோட்டில் எழுதவில்லை, அது வெப்சைட் இல்லையே. இப்போது பட்டியலைத் திறந்து பார்த்தேன். நோயாளிகள் ஏழெட்டுப் பேர்தான். மற்ற எல்லோரும் உன்னைக் கூப்பிட்டவர்கள். பலர் முதல் மாதத்தோடு விட்டுவிட்டார்கள்.

உன் போனின் மேல்மூலையில் சின்னதாக ஒரு அம்பு தெரியும். ##21# என்று அடித்துப் பச்சைப் பொத்தானை அமுக்கு. அம்பு போய்விடும். கம்பவுண்டர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார், நாளைக் காலை இது உன் கையில் இருக்கும். நாளை மறுநாள் ஞாயிறு. உன் தையல் வகுப்புத் தோழி ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறாள், பதின்மூன்று ஞாயிறு, ஒன்றுகூட விடவில்லை. முதலில் அவளிடம் பேசி முடி. நான் அப்புறம் கூப்பிடுகிறேன். எனக்கு அவசரமில்லை.