மாமாவை மேலே ஏற்றுதல்

மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்ததுதான் அவன் செய்த முதல் தப்பு. சட்டை ஏற்கெனவே தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டால், பதற்றத்தில் யாருக்குத்தான் என்ன தெரிகிறது?

கடலோரப் பாறையின் உச்சி. தூறல், மூடுபனி. பக்கத்திலேயே வேறு யாரோ கட்டித் தொங்கவிட்ட கயிறு ஒன்றும் கிடந்தது. காதலியின் அப்பா கயிற்றில் இறங்கி அடிவாரத்துக்குப் போயிருந்தார். இனி அவர் பாறையைப் பற்றி ஏறி வர வர, இவன் மேலிருந்து கயிற்றை இறுக்கிக்கொண்டே வர வேண்டும்.

"என் பொண்ணைக் கட்டிக்கப் போறவன், முதல்ல என் கயித்தை ஒழுங்காப் பிடிச்சுக் காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார் மனிதர்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டான். இப்போது சுத்தமாக எதுவும் தெரியவில்லை. கை வேறு வழுக்கியது. ஈரத்துக்கு நல்லது என்று மாமா கொடுத்திருந்த வெள்ளைப் பொடியை உள்ளங்கையில் கொட்டினான். அது தூறலில் குழைந்து பசையாகிவிட்டது. கயிற்றைக் கீழே வைத்து, கையைப் புல்லில் தேய்த்து, தட்டுத்தடவி மறுபடியும் கயிற்றை எடுத்து இறுக்கினான்.

கைப்பேசி அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டான். அவள்தான்.

"அப்பா ஏறிட்டாரா?"

"இப்பதான் கயித்தை ஒரு தரம் சுண்டினார்."

"ஒரு தரம்னா இறுக்கணும். ரெண்டு தரம்னா தளர்த்தணும். சொன்னாரு இல்ல?"

இறுக்கினான். கயிறு வெடுக் வெடுக்கென்று மூன்று தரம் ஆடியது.

"மூணு தரம்னா என்னம்மா?"

"அப்படி ஒண்ணு கிடையாதே!"

கீழிருந்து ஏதோ கத்தல் கேட்டது. அலைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"யாரோ கத்துறாங்க."

"திட்டுற மாதிரி இருக்கா?"

"அப்படித்தான் இருக்கு."

"அப்பாவேதான், சந்தேகமே இல்ல. வழுக்கியிருக்கும். விட்டுடாதீங்க, இழுங்க!"

மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணமும் போச்சு, ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது. காலைப் பாறையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான். கயிறு திமிறியது. இன்னும் இழுத்தான். திமிறல் அதிகமானது.

"முரண்டு பிடிக்கிறாரும்மா!"

"வீட்டுலயும் அப்படித்தான். நீங்க இழுங்க."

முதுகு விண்விண்ணென்று தெறித்தது. கடைசியில், பாறை விளிம்பில் ஒரு கை தட்டுப்பட்டது. அப்பாடா! இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மாமா! விடாமப் பிடிச்சுக் காட்டிட்டேன் பார்த்தீங்களா? இப்பவாவது பொண்ணைக் குடுப்பீங்களா?"

வந்தவர் விளிம்பில் குப்புற விழுந்து, மூச்சு வாங்கி, கழுத்தில் தொங்கிய கேமராவைத் துடைத்தார்.

"பொண்ணு வேணும்னா கீழே ஒருத்தர் அசையாத கயித்தைச் சுண்டிக்கிட்டே நிக்கிறாரு, அவரைக் கேளுங்க. பறவைக் கூட்டைப் படம் எடுக்க வந்த எனக்கு, ரெண்டுமே பசங்க தம்பி!"