ஒச்சப்பன் வீட்டு டெக்கீலா

மட்டாஞ்சேரி,
8.11.2004

அன்பு மைத்துனன் பாண்டியராஜுக்கு,

மூத்த மச்சான் ராக்கப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியக்கா லக்ஷ்மியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். கப்பலில் ஊருக்கெல்லாம் சமைத்துப்போடும் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். சுகம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது எனக்கு ஒரு பாட்டில் கொடுத்தாய். எதிர்வீட்டில் இருக்கும் உன் சின்னக்கா ஸ்வர்ணலதாவின் புருஷன் ஒச்சப்பனுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாய். கணக்குச் சரிதான். ஆனால் எனக்குக் கொடுத்தது ஷாம்பு. என் தலையை நீ பார்த்ததே இல்லையா? அவனுக்குக் கொடுத்ததோ மெக்ஸிகோ நாட்டுச் சாராயம், டெக்கீலா. கறுப்புப் பாட்டில், அதில் பெரிய தொப்பி போட்ட மூன்று எலும்புக்கூடுகள், ஒன்று டிரம்பெட் ஊதுகிறது, ஒன்று பிடில் வாசிக்கிறது, ஒன்று தன்னைவிடப் பெரிய கிடாரைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதை அவன் டிவி மேல் பூத்துண்டு விரித்து வைத்துவிட்டு, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டான். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அதுதான் தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அப்போது முதுகில் தெரிந்தது.

போர்ட் கொச்சியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டலில் வேலை பார்க்கும் ஷிபுவை அவன் கூட்டிவந்து லேபிளைப் படிக்கச் சொன்னான். அந்த ஊரில் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்களாம், அவர்களை அழாமல் பாட்டும் கூத்துமாக வரவேற்பார்களாம், அந்தப் பாட்டை நினைத்து, ஏழு வருஷம் மரப்பீப்பாயில் ஊறவைத்து, இரண்டாயிரம் பாட்டில் மட்டும் போட்டார்களாம். இது முந்நூற்றுப் பன்னிரண்டாவதாம். ஷிபு என்னைப் பார்த்து, "ராக்கப்பேட்டா, இது பைஸா கொடுத்தாலும் கிட்டில்லா. லிமிட்டட் எடிஷனாணு" என்றான். அன்றையிலிருந்து ஒச்சப்பன் வாயில் வேறு வார்த்தையே இல்லை. மீன்காரியிடம்கூட லிமிட்டட் எடிஷன்.

நானும் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் தாங்காமல், "குடும்பம் இருக்குற வீட்டுல எலும்புக்கூட்ட வைக்கலாமாடா?" என்று கேட்டுவிட்டேன். ஸ்வர்ணலதா அடுப்படியிலிருந்து, "அதுங்களாச்சும் சிரிச்ச மூஞ்சியா இருக்கு மச்சான்" என்றாள். உன் பெரியக்கா சிரித்தாள். என் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தாள், பாண்டியராஜ்.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் உன் அப்பாவின் நினைவு நாள் வந்தது. ஒன்பது வருஷமாகப் படையல் என் வீட்டில்தான். கடைசி இரண்டு வருஷம் மாமா என்னோடுதான் இருந்தார், நான்தான் குளிப்பாட்டினேன், என்னைத்தான் மூத்த பிள்ளை என்பார். இந்த வருஷம் ஒச்சப்பன் வந்து, "அண்ணே, இந்தத் தடவ மாமாவுக்கு எங்க வீட்டுல வெக்கிறோம். அவருக்கும் இது குடிக்கக் கொள்ளாம், நல்லாருக்கும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமாவின் போட்டோ என் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போனது. ஆணி மட்டும் எனக்கு மிச்சம்.

அங்கே போனால் பேண்ட் செட்! கல்யாணத்துக்கு டிரம்பெட் ஊதும் அப்பு, மாமாவுக்குப் பிடித்த காவடிச்சிந்து மெட்டை ஊதுகிறான். தெருவே கூடிவிட்டது. பாட்டிலை நான்தான் திறப்பேன், மூத்த மருமகன் நான் என்று பிடுங்கினேன். அழுத்தித் திருகியதில் கார்க் பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஒச்சப்பனுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அந்தப் படுபாவி, "ஸாரமில்லண்ணே, போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு சாயா வடிகட்டியில் வடித்து எல்லோருக்கும் ஊற்றினான். என்னிடம் நீட்டினான். "எனக்கு வேண்டாம்" என்றேன். மானஸ்தன் வேறென்ன சொல்வான்? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். ஷிபு குடித்தான், அப்பு குடித்தான், எனக்குப் பெயர்கூடத் தெரியாதவனெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டினான். முப்பது வருஷம் முனிசிபல் வால்வு திறந்து இந்த ஊருக்கே தண்ணீர்விட்ட எனக்கு ஒரு சொட்டு இல்லை. பாட்டில் காலியானதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அடுத்த லீவில் இதே மாதிரி ஒரு பாட்டிலை என் கையில், ஒச்சப்பன் பார்க்கும்போது கொடுக்கவேண்டும். இல்லையென்றால் என் வாசற்படி மிதிக்காதே.

கடலம்மா உன்னைக் காப்பாற்றட்டும். எனக்குக் கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை.

இப்படிக்கு,
ராக்கப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஒச்சப்பன் வந்தான். கையில் ஒரு டம்ளர், மேலே தட்டு மூடியிருந்தது. "மாமாவுக்குப் படைச்சதுண்ணே. மூத்த பிள்ளைதான் எடுக்கணும். ஆளுக இருக்கையில கொடுத்தா பங்குக்கு வருவானுகன்னு ஒளிச்சு வெச்சேன்" என்றான். பாதி நான் குடித்தேன், பாதியை அவனுக்கே கொடுத்தேன். தொண்டையில் பட்டு மாதிரி இறங்குகிறது, தம்பி. மேலே எழுதிய எதையும் படிக்காதே. அடுத்த முறையும் பாட்டிலை அவனிடமே கொடு. என்னிடம் கொடுத்தால் தெருவுக்கெல்லாம் நான் ஊற்ற வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு மனசு கிடையாது.