சாயம் வெளுத்த தங்கமீன்

நைட் ஷிப்டை ஒழித்தே தீருவது என்று கோதண்டபாணி முடிவு கட்டினார். அதற்கு அவர் கையில் இருந்த ஆயுதம் இரண்டு கருப்பு மீன்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் அவர் சூளை மேஸ்திரி. மாதத்தில் பாதி நாள் ராத்திரியெல்லாம் சூளை முன்னால் வெந்துவிட்டு, விடிந்ததும் சுட்ட கத்தரிக்காயாக வீடு திரும்புவார். காசியைவிட இந்த ஊர் புண்ணியத்தில் ஒரு வீசம், கொஞ்சூண்டு, கூடுதல் என்பார்கள். அந்த வீசம் முழுக்கப் புத்தியாகத் தன் மண்டைக்குள்தான் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

கொல்லையில் வரிசையாக விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகள். உள்ளே தங்கமீன்கள். சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து அவர் கொண்டுவந்த முட்டைக்கண் மீன் ஜோடி ஒன்று, தங்கமீன் என்ற பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் கன்னங்கரேலென்று இருக்கும். அது போட்ட குஞ்சுகளும் கருப்பு. தண்ணீர் மாற்றுவது, கொசுப்புழு அரித்துப் போடுவது எல்லாம் மனைவி கொளஞ்சியம்மாள். மேற்பார்வை மட்டும் கோதண்டபாணி.

மானேஜர் கஸ்தூரிரங்கனின் மனைவி பாக்யலட்சுமி, கருப்பு மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாராம். சேதி காதில் விழுந்ததும், கோதண்டபாணி குஞ்சுகளில் கொழுத்த இரண்டைப் பொறுக்கினார்.

"ஏங்க, இதுங்க வயித்துல பித்தளையாட்டம் என்னமோ தெரியுதுங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"வெயிலு பட்டு மின்னுது."

"சாயங்காலமும் மின்னுதே?"

"கொளஞ்சி, இது பரம்பரை சாஸ்திரம். அப்பன் கருப்பு, ஆத்தா கருப்பு. புள்ள வேற என்ன நெறமா இருக்கும்?"

"நீங்க கருப்பு, நானும் கருப்பு. உங்க மவ எலுமிச்சம்பழமாட்டம் இருக்குதே!"

கோதண்டபாணி பதறிப் போனார். "அது எங்க பாட்டி நெறம்! உள்ளாற ஒளிஞ்சிருந்து பின்னால வரும்."

"அப்ப இந்த மீனுக்குப் பாட்டியே கெடையாதா?"

மீனின் பாட்டியைப் பற்றி யோசிக்க அவருக்கு ஏது நேரம்?

"பேருதான் தங்கமீனு. நெறம் தங்குமான்னு பாத்துக்குங்க" என்று முணுமுணுத்தபடி அவள் உள்ளே போனாள்.

மீன்கள் மானேஜர் வீட்டுக்குப் போயின. பாக்யலட்சுமிக்குப் பூரிப்பு. "உம்மைப் பகல் ஷிப்டுக்கே போட்டுடலாம்" என்றார் மானேஜர். கோதண்டபாணி அன்றே தலையணை உறையைத் துவைத்துக் காயப் போட்டார்.

உறை காய்ந்தது. ஷிப்டு உத்தரவு வருவதற்குள் மீனும் பழுத்தது. முதலில் வயிறு, அப்புறம் விலா, கடைசியில் வால். மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது? கருப்புன்னு குடுத்தே. ரெண்டும் கேரட்டு மாதிரி நிக்குது. ஜாடிக்குப் பூசற சாயத்தை மீனுக்குப் பூசிட்டியான்னு என் சம்சாரம் கேக்கறா!"

கோதண்டபாணிக்குப் பகல் ஷிப்டு போனது மட்டுமில்லை, மேஸ்திரி வேலையே போய்விடும் போலிருந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட கொளஞ்சியம்மாள் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "நான் போயிட்டு வரேன். நீங்க ஒண்ணும் பேசாம இருங்க. அதான் ஒங்களுக்கு நல்லது."

திரும்பி வரும்போது தலை நிறைய மல்லிகை. கையில் ஒரு தூக்குப் பாயசம்.

"என்னடி சொன்னே?"

"எங்க வூட்டுல இருந்த வரைக்கும் இதுங்க கரிக்கட்டையாத்தான் கெடந்துதும்மா. உங்க வூட்டுல வந்து எறங்குனதும் பொன்னாயிடுச்சு. அம்மாம் ராசியான வூடுன்னேன்."

"அடிப்பாவி! அது பரம்பரைக் கோளாறு. நீ சொன்னது பச்சைப் பொய்!"

"நீங்க சொன்ன கருப்பு மட்டும் நெசமாக்கும்? அந்தம்மா ஆனந்தக் கண்ணீரே வுட்டுட்டாங்க. அப்பவே அக்கம்பக்கத்துல எல்லாம் ஆளனுப்பிச் சொல்லிட்டாங்க. எஞ்சினியர் வூட்டுலேருந்து ஓடியாந்து, எங்க வூட்டு ராசியையும் பாக்கணும், ஒரு ஜோடி குடுன்னாங்க. அக்கவுண்டன்ட் வூட்டம்மா ஜாடியே எடுத்தாந்துட்டாங்க. மீனுக்காரம்மா, மீனுக்காரம்மான்னு ஒரே உபசாரம் போங்க!"

"நான்தான்டி மீனை உண்டாக்குனவன்! என்னைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கலியா?"

"கேட்டாங்களே. அவரு கூடமாட ஒத்தாசைக்கு இருக்காருன்னு சொல்லிவச்சேன்."

கோதண்டபாணி மானத்தை ஒரு வாய்ப் பாயசத்தோடு விழுங்கினார். மெதுவாகக் கிட்டே நகர்ந்து கேட்டார். "அது போவட்டும். ஷிப்டு விஷயம்?"

"மறப்பேனா? அந்தம்மா கிட்டச் சொன்னேன். அவங்க அய்யா கிட்டச் சொன்னாங்க. ஒடனே மாத்திட்டாரு."

"கொளஞ்சி! நீ தெய்வம்டி! எப்பலேருந்து?"

"நாளையிலேருந்து உங்களுக்கு மொத்தமும் நைட்டுதான். இத்தினி ஜாடிக்கும் பகல்ல தண்ணி மாத்த ஆளு வேணாமா?"