பந்தயத்துக்கு முன் ஒரு நிமிடம்

"இனிமே மைக்ல ஜெபம் கிடையாது சார்" என்று பள்ளிக் குழுவின் வக்கீல் போனில் சொன்னதும், தலைமையாசிரியர் வெண்டல் புரூயிட் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார்.

"எங்கப்பா படிச்ச காலத்துலேருந்து சொல்றோமே."

"அரசாங்கப் பள்ளிக்கூடம், அரசாங்க மைக். யாரோ புகார் பண்ணியிருக்காங்க. கோர்ட்டுக்குப் போனா தோத்துடுவோம்."

"யாரு?"

"பேரைச் சொல்லக் கூடாது."

அமெரிக்காவில், டென்னஸியின் அந்தச் சிற்றூரில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் பள்ளிக்கூட ஃபுட்பால். ஃபுட்பால் என்றால் முதலில் ஜெபம். வெண்டலும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனால் சட்டத்தை என்ன செய்வது? ஜெபத்துக்குப் பதிலாக ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்.

மௌனம் பாதி நிமிடம்கூடத் தாங்கவில்லை. யாரோ ஒருவர் "எங்கள் பிதாவே" என்று ஜெபத்தை ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. மன்னிப்புக் கேட்கும் வரி வந்ததும், "எங்கள் கடன்களை" என்றது ஒரு பக்கம். "எங்கள் குற்றங்களை" என்றது இன்னொரு பக்கம். ஊரின் இரண்டு சபைக்காரர்களான பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளும் திரும்பிப் பார்த்து முறைத்துக்கொண்டார்கள். மைக்கில் ஒருவர் சொன்னவரை ஊருக்குள் இரண்டு வார்த்தை இருப்பதே தெரியாமல் இருந்தது.

அடுத்த வாரம் அந்த நிமிடத்தை நிரப்ப பேண்டு வாசிக்கச் சொன்னார். பேண்டு மாஸ்டர் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய மெட்டாகப் பார்த்து எடுத்தார். அது சர்ச்சில் பாடும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. கூட்டம் எழுந்து நின்று எல்லாச் சரணங்களையும் பாடி முடித்த பிறகே உட்கார்ந்தது.

வக்கீல் மறுபடியும் போன் செய்தார்.

இதற்குள் புகார் கொடுத்தவரை ஊரே கண்டுபிடித்துவிட்டது: வேதியியல் டீச்சர் ஐரிஸ் லிண்ட்குவிஸ்ட். ஆதாரம், அவர் எந்த சர்ச்சுக்கும் போவதில்லை.

முதலில் அவர் வீட்டு வாசலில் பைபிள்கள் வந்து சேர்ந்தன.

"நிறைய சேர்ந்துடுச்சு சார். லைப்ரரிக்குத் தரட்டுமா?"

"வேணாம்மா. அதுக்கும் ஒரு புகார் வரும்."

ஐரிஸ் சிரித்தார். மறுவாரம் அவர் கார் டயரை யாரோ கிழித்திருந்தார்கள். அப்போது சிரிக்கவில்லை.

"பரீட்சை முடிஞ்சதும் வேற ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன் சார்."

வெண்டல் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினார்.

"புகார் குடுத்தது ஐரிஸ் இல்ல. அந்தப் பொண்ணை விட்டுடுங்க."

"அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் கடைசி வரிசையில் ஒருவர்.

"தெரியாது."

"தெரியாமலே அவங்க இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்களே குடுத்திருந்தாத்தான் அப்படிச் சொல்ல முடியும்."

அன்றிலிருந்து ஊர் அவரையும் சந்தேகித்தது. முடிவெட்டும் கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது.

கடைசியில் பாப்டிஸ்ட் போதகர் ஆல்டன் மீக்ஸின் வீட்டுக்குப் போனார். அவர் சொன்னால் பாதி ஊர் கேட்கும். போதகரின் மனைவி வெர்னா காபி வைத்துவிட்டு, ஆப்பிள் பை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. நானும் ஜெபம் பண்றவன்தான். ஆனா ஜெபம் பண்ணாத ஒருத்தியை அழவெச்சுட்டு அப்புறம் எந்த மூஞ்சியோட கண்ண மூடுறது?"

போதகர் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்றது நியாயம்தான் வெண்டல். டீச்சர் இல்லேன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்களே."

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"பிரசங்க மேடையில நின்னு பொய் சொல்றதா?"

வெண்டலுக்குப் புரியவில்லை.

வெர்னா கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "எதிர் டீம் பையனோட முழங்கால் ஆறவே கூடாதுன்னு உங்க மைக்ல ஜெபம் பண்ணாங்களே, அதைக் கேட்டுட்டு மறுநாள் காலையில வக்கீலுக்குப் போன் போட்டுப் புகார் குடுத்தது இவருதான்."