அக்காவின் நட்சத்திரமும் நான் எழுதிய லொகினும்

சில தவறுகளுக்கு அறியாமை காரணம். என்னுடையதற்குத் திமிர்தான் காரணம். அதனால் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

என் மாமா மாத்தளையில் கலியாணத் தரகர். வரன்களின் சாதகங்களைப் பையில் தூக்கித் திரிந்து அலுத்துப்போய், "ஒரு வெப்சைட் செஞ்சு குடுடா மருமகனே" என்றார். நான் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாதம். (எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை.)

கூட வேலை செய்த ரிஸ்வான் அன்றே சொன்னான்: "மச்சான், லொகின நீயா எழுதாத. ரெடிமேடாவே வருது, எடுத்துப் போட்டா முடிஞ்சி. எத்தனையோ பேர் ஒடச்சுப் பாத்துத் திருத்தினது."

"அதெல்லாம் வேல தெரியாதவனுக்கு" என்றேன். இதை நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது.

மூன்று வாரம் உட்கார்ந்து, கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுகிற அந்தப் பகுதியை நானே எழுதினேன். கடவுச்சொல் மறந்துபோனால் என்ன செய்வது? அம்மாமார்களிடம் மின்னஞ்சல் ஏது? கலியாணம் பேசுகிற வீட்டில் யாரும் மறக்காதது நட்சத்திரம். பெயரையும் நட்சத்திரத்தையும் சரியாகச் சொன்னால் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அந்த நட்சத்திரம் ஒவ்வொருவரின் படத்துக்குக் கீழேயும் கொட்டை எழுத்தில் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட மேதை நான்.

முதல் ஆளாக என் அக்காவைச் சேர்த்தேன். பார்த்த வரனைப் பற்றி எழுதிவைக்க ஒவ்வொருவருக்கும் ஓர் அந்தரங்கப் பக்கம் இருந்தது. "வேற யாரும் பாக்க மாட்டாங்களாடா?" என்று கேட்டாள். "கடவுளே வந்தாலும் முடியாது" என்றேன்.

நாவுலையிலிருந்து ஓர் ஆசிரியர் வரன் அமைந்தது. பெண் பார்த்துவிட்டுப் போய் நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள். அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததை அந்த வாரம்தான் முதன்முதலில் பார்த்தேன்.

நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா அலுவிகாரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை. கைப்பேசியை எடுத்து வாசித்தார்: "மாப்பிள்ள வாயே தொறக்கல. எல்லாத்துக்கும் அவங்க அம்மாதான் பதில் சொன்னாங்க. எனக்குக் கல்யாணம் யாரோட?" பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க எழுதினதுதானேம்மா?" என்றார்.

"எப்பிடிங்க உள்ள போனீங்க?" என்று கேட்டேன். (அக்கா அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு வந்த சந்தேகத்தைப் பாருங்கள்.)

"என் மக சும்மா தட்டிப் பாத்தா தம்பி. நட்சத்திரம் கேட்டிச்சாம். போட்டோவுக்குக் கீழேயே இருந்திச்சே."

அவர் போன பிறகு அக்காவின் பக்கத்தை நானும் திறந்து பார்த்தேன். அவர் வாசிக்காமல் விட்ட வரி ஒன்று கடைசியில் இருந்தது: "இருந்தாலும் புடிச்சிருக்கு. போகப் போகப் பேசுவார்." மாமா இரண்டு தடவை நாவுலைக்குப் போய்க் கெஞ்சியும் அவர்கள் மசியவில்லை. ரெடிமேட் லொகினை ரிஸ்வான் மறுநாள் போட்டுத் தந்தான். அரை மணித்தியாலம் எடுத்தது.

அக்கா அதன் பிறகு எந்த வரனுக்கும் சரி சொல்லவில்லை. கோவிலில் அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டால், "மொதல்ல இவன் அங்கிட்டுப் போகட்டும் சாமி" என்பாள். வரிசையே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய்த் தேங்காய் உடைக்கிற இடத்தில் நிற்பேன். அவள் நட்சத்திரம் எனக்குத் தெரியாதா என்ன? அதை ஊருக்கே எழுதிப் போட்டவன் நான்தானே.